பெட்டிக்குள் ஒரு லாடம்

என் நாத்தனாருக்கு என்னோடு பேச்சு கிடையாது. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அவர் பார்த்து வைத்த பெண்ணை விட்டுவிட்டு அவர் தம்பி என்னைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அதிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம்தான் சொல்வார். நான் எதிரிலேயே நின்றாலும் "உன் பொண்டாட்டியைக் காபி போடச் சொல்லு" என்பார். எனக்கும் வீம்பு அதிகம். வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பிரம்மதேசத்திலிருந்து பஸ் பிடித்து, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து நின்றார். வாளி நிறையத் தவிடு, தவிட்டுக்குள் பத்து வாத்து முட்டைகள். விடியற்காலையில் தெரு நாய்கள் கொட்டகைக்குள் புகுந்து அவருடைய வாத்துகளை ஒன்று விடாமல் கடித்துப் போட்டுவிட்டன. கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் அவருக்குத் துணை அந்த வாத்துகள்தான். காலையில் ஏரிக்கு ஓட்டிப் போவார், சாயங்காலம் திருப்பி ஓட்டி வருவார். அவருடைய நாள் அப்படித்தான் கழியும்.

"வேற வாத்து வாங்கிக்கலாம்க்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்கூட்டு வாத்து மாதிரி வருமா? உன் பொண்டாட்டி ஏதோ பொட்டி வெச்சிக்கினு கோழிக்குஞ்சு பொரிக்குதாமே. இத்தையும் வெக்கச் சொல்லு."

சொல்லிக்கொண்டே தவிட்டை விலக்கி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வாத்து சரியாக அடையில் உட்காராது. அவர் வீட்டில் அப்போது அடைக்கோழியும் இல்லை. இந்தப் பத்து முட்டைகளை விட்டால் அந்த வாத்துகளின் வம்சம் முடிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் என்னிடம்தானே வர வேண்டியிருந்தது என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

என் இன்குபேட்டர் ஒன்றும் பெரிய மிஷின் இல்லை. ஒரு தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, சின்ன ஃபேன், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், மூடியில் கண்ணாடி. சூடு கூடினால் பல்பை அணைக்கவும் குறைந்தால் திரும்பப் போடவும் ஒரு கருவி உண்டு. அதன் ஒயர் முனை பெட்டிக்குள் இருந்து சூட்டை அளக்கும். கோழிக்கு மூன்று வாரம், வாத்துக்கு நான்கு வாரம். அதனால் வாத்து முட்டைகளை முதலில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து என் கோழி முட்டைகளைப் பக்கத்தில் அடுக்கினேன். எல்லாம் சேர்ந்தாற்போல் பொரிக்கும் என்பது என் திட்டம். காலையும் மாலையும் திருப்பி வைத்தேன். கரண்ட் போனால் பெட்டி மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, வாசலில் நின்று யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டிருப்பேன்.

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வழியில் நாத்தனார் வந்தார். வானம் காலையிலிருந்தே உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வாத்து முட்டையை எடுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். உள்ளே கறுப்பாக ஒரு நிழல் துள்ளியது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு மாட்டு லாடத்தையும் கரித்துண்டையும் எடுத்தார். எங்கள் பக்கத்தில் கோழியை அடை வைக்கும்போது கூடையில் இரும்பும் கரியும் போடுவார்கள். போடாவிட்டால் இடிச் சத்தத்தில் கரு கலங்கி எல்லாம் கூமுட்டையாகிவிடும் என்று நம்பிக்கை.

"இடி இடிக்குது. இத்த உள்ள வெக்கணும்னு சொல்லு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மறுத்துச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவர் என் வீட்டில் முகம் மலர்ந்து உட்கார்ந்தது அன்றுதான். ஓர் இரும்புத் துண்டு என்ன செய்துவிடப் போகிறது என்று நானே மூடியைத் திறந்து பிடித்தேன். பல்புக்குப் பக்கத்தில், முட்டைக்கு அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழே அவர் இரண்டையும் சொருகினார்.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் பொழுதுக்கும் தம்பிக்குப் போன் போட்டு, "இன்னாடா, ஓடு ஒடைஞ்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கருவி காட்டிய எண் சரியாகத்தான் இருந்தது. சந்தேகத்தில் ஒரு முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்த்தேன். கதகதப்பு போதவில்லை. துணியைத் தூக்கினேன். அவர் சொருகியபோது கருவியின் ஒயர் முனையும் துணிக்கு அடியில் போய் லாடத்தின் மேல் கிடந்தது.

தொட்டால் கை சுட்டது. பல்பின் சூட்டில் இரும்பு காய்ந்திருக்கிறது. கருவி அந்த இரும்பின் சூட்டை அளந்துகொண்டு பல்பைச் சீக்கிரமே அணைத்துவிட்டிருக்கிறது. அமாவாசையிலிருந்து முட்டைகள் போதிய சூடில்லாமல் கிடந்திருக்கின்றன. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனாருக்குப் போன் செய்யப் போனேன். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேணாம். நானே கொன்னுட்டனேன்னு அக்கா ஒடிஞ்சி பூடும்."

"அப்ப நான் கொன்னதாவே இருக்கட்டுமா?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். லாடத்தை எடுத்துச் சமையலறை மூலையில் போட்டேன், ஒயரை முட்டை மட்டத்துக்குத் தூக்கிக் கட்டினேன், பல்பு அணையாமல் நின்று எரிந்தது.

மறுநாள் நாத்தனாரே வந்துவிட்டார். வந்ததும் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தேன். உயிருள்ள முட்டை தண்ணீரில் மிதக்கும்போது தானாக ஆடும். கோழி முட்டைகள் முக்கால்வாசி ஆடின. பிறகு வாத்து முட்டை ஒன்றை விட்டேன். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. அதற்கடுத்ததை விடும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. பிடி வலித்தது, ஆனாலும் நான் கையை இழுக்கவில்லை. அதுவும் சும்மா கிடந்தது. ஐந்தாவது முட்டை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, அதைச் சுற்றித் தண்ணீரில் வளையம் கிளம்பியது. எல்லாம் பார்த்து முடித்தபோது பத்தில் மூன்றுதான் தேறியது.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் அந்த மூன்றில் ஒன்று ஓட்டை உடைத்தது. வெளியே வர அதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை நாங்கள் இருவரும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஈரமாக, தலையைத் தூக்க முடியாமல் அது உருண்டு விழுந்தபோது நான் அழுதேன், அவரும் அழுதார்.

பிறகு கண்ணாடி வழியாக உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, தம்பியை நடுவில் வைக்காமல் என்னிடமே கேட்டார்.

"லாடம் எங்க?"

சொல்ல வேண்டிய வார்த்தைகள் அத்தனையும் முந்தாநாளிலிருந்து என் நாக்கு நுனியில் இருந்தன. வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"குஞ்சு காலு மாட்டிக்கும்னு எடுத்து வெச்சேன் அண்ணி."

அவர் தலையாட்டினார். "அது இருந்ததாலதான் இடிக்குத் தப்பிச்சி இந்த மூணாச்சும் நின்னுச்சி" என்றார். பிறகு என் முதுகில் கை வைத்தார். "போன ஏழுக்கும் நீ மனச ஒடச்சிக்காத. பொட்டியில வெச்சா அப்டித்தான் ஆவும். உன்ன யாரு குத்தம் சொல்லப் போறா?"

நான் சமையலறை மூலையில் கிடந்த லாடத்தைப் பார்த்தேன். "சரிங்க அண்ணி" என்றேன்.