இரண்டு பேனாவில் எழுதிய டைரி

ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் டேபிள் வேலை. பதினோரு வருஷமாக அதே மேஜை, தலைக்கு மேலே அதே ட்யூப் லைட். தைத்து வருகிற ஷூக்களை ஜோடி ஜோடியாகக் கையில் எடுத்து, தையல் விட்டிருக்கிறதா, தோலில் சுருக்கம் இருக்கிறதா, இரண்டு காலும் ஒரே நிறம்தானா என்று பார்ப்பேன். தப்பு தெரிந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். தப்பில்லை என்றால் செக் ஷீட்டில் கையெழுத்துப் போடுவேன். பார்க்காமல் போட்டாள் என்று என்னை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லித்தான் பார்க்கட்டுமே.

அதே கையால்தான் என் மகளின் டைரியில் மூன்று மாதம் பொய்க் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆம்பூரில், எங்கள் தெருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அளவுக்கு மீறிக் குண்டாகிறார்கள் என்று அந்த வருஷம் அங்கே ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கேன்டீனில் பொரித்த சாமான்களை நிறுத்தினார்கள். காலையில் இருபது நிமிடம் எல்லோரும் ஓட வேண்டும், தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு பெல். மாதம் ஒருமுறை எடையும் உயரமும் பார்த்து எழுதினார்கள். இதற்கெல்லாம் பொறுப்பு பி.டி. மிஸ். ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், எப்போதும் கழுத்தில் விசிலோடு இருப்பார். பெற்றோர் கூட்டத்தில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்.

"ஸ்கூல்ல நாங்க பாத்துக்கறோம். சாயங்காலம் உங்க கையிலதான் இருக்கு. பசங்க இன்னா சாப்பிட்டாங்க, எவ்ளோ நேரம் விளையாடினாங்கன்னு தினமும் எழுதி சைன் பண்ணுங்க" என்றார்.

நல்ல யோசனைதான். சாயங்காலம் என் கையில் இருந்தால்.

என் கம்பெனி பஸ் காலை ஏழரைக்கு வரும். திரும்பி இறங்கும்போது மணி ஆறரை, வேலை ஜாஸ்தி இருந்தால் ஏழரை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் நாலேகாலுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி வாங்கித் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நான் வரும்வரை யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். தெருவில் தோல் வண்டிகள் போகிற வேகம், நாய்கள், பெண் பிள்ளை வளர்கிறாளே என்ற பயம், எல்லாம் சேர்த்துப் போட்ட சட்டம். அடைந்து கிடக்கிற பிள்ளைக்குப் பொழுது போக வேண்டுமே என்று டிவி. பசிக்கும் என்று சிப்ஸ், பிஸ்கட், பாட்டில் ஜூஸ். கூட இருக்க முடியாத குற்ற உணர்ச்சிக்கு நான் அலமாரி நிறைய பாக்கெட் வாங்கி அடுக்கினேன்.

டைரியை முதல் வாரம் ஒழுங்காகத்தான் எழுத நினைத்தேன். எழுதினால் தினமும் ஒரே வரிதான் வரும்: விளையாட்டு இல்லை, சிப்ஸ். அதை ஒரு மிஸ் படிப்பார் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் கற்பனையாக எழுதிவிட்டேன்.

அதில் என் தொழில் புத்தியையும் காட்டினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. கம்பெனியில் பொய்யாக எழுதின செக் ஷீட்டை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். எல்லாம் ஒரே இங்க்கில் இருக்கும், ஒரே மாதிரி நம்பர் இருக்கும். அதனால் நான் இரண்டு பேனா வைத்துக்கொண்டேன், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. திங்கள் கொய்யா, செவ்வாய் சுண்டல், புதன் கேரட். ஸ்கிப்பிங் ஒரு நாள் நாற்பது நிமிடம், மறுநாள் ஐம்பது. நம்பும்படி இருக்கட்டும் என்று நடுவில் ஒரு நாள் "மழை, விளையாடவில்லை" என்றுகூடப் போட்டேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை மட்டும், "அன்னிக்கு மழையே இல்லியேம்மா" என்றாள். "நீ சும்மா இருடி" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் மிஸ் என் டைரியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "வேலைக்குப் போற அம்மாதான் இவங்களும். எவ்ளோ கரெக்டா எழுதி இருக்காங்க பாருங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை பொய் சொல்லவில்லை. மூன்று மாதமும் ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது மாதம் மிஸ் என்னையும் மகளையும் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபமில்லை, கவலைதான் இருந்தது.

"டைரில எல்லாம் சரியா இருக்கும்மா. சாப்பாடு கம்மிதான், விளையாட்டும் இருக்கு. அப்புறம் ஏன் வெயிட் ஏறுது? உடம்புல வேற ஏதாவது கோளாறான்னு பயமா இருக்கு. வேலூர் போயி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தது. "சரி மிஸ்" என்றேன்.

லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினோம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டும்போதே பிள்ளை, "பசிக்குதும்மா" என்றாள். எதற்காகப் பட்டினி போட்டுக் கூட்டிப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். ரத்தம் எடுக்கிற இடத்தில் முதல் ஊசிக்கு நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவது தடவை குத்தினார்கள். அவள் கத்தவில்லை. என் இரண்டு விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம் நான்.

வெளியே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், எப்போதும் செய்வதையே செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேக்கரியில் க்ரீம் பன்னும் ஜூஸும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"இத டைரில எழுதணுமாம்மா?"

நான் ஜூஸ் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பஞ்சு ஒட்டியிருந்த கையை மடக்கியபடியே அவள் சொன்னாள்: "அம்மா எழுதறது நெசமான்னு மிஸ் என்னை மட்டும் தனியா கூப்ட்டு கேட்டாங்க. ஆமா மிஸ்னு சொல்லிட்டேன். நீ பயப்படாத."

பத்து வயதுப் பிள்ளை எனக்கு தைரியம் சொல்கிறாள். அந்தப் பேக்கரி வாசலில் நின்று நான் அழுதேன். என்ன ஆச்சோ என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப பெரிய டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்று ஆரம்பித்தார்.

"வேணாம் மிஸ். டைரில இருக்கறது எல்லாம் பொய். நான்தான் ஞாயித்துக்கெழம உக்காந்து எழுதுவேன். பாப்பா வீட்ட விட்டு வெளிய வர்றதே இல்ல. அவள ஒண்ணும் கேக்காதீங்க, எனக்காகத்தான் பொய் சொன்னா."

மிஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ரிப்போர்ட்டை மடித்து என்னிடமே கொடுத்தார். "அவ உடம்புல நோயி இருக்குமோன்னு அந்தப் புள்ளய வெச்சிக்கிட்டே நான் சொன்னனேம்மா" என்றார் கடைசியில். "அப்பவாவது சொல்லி இருக்கலாம் இல்ல?"

பிறகு அவரே, செவ்வாயும் வியாழனும் ஐந்தரை வரை ஸ்கிப்பிங் ப்ராக்டீஸ் இருக்கிறது, அவளை இருக்கச் சொல்லுங்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா போய்க் கூட்டிவர ஒப்புக்கொண்டார். மற்ற நாட்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. புது டைரி ஒன்று கொடுத்து, இதைப் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் பஸ் இறங்கி வந்து உட்கார்ந்ததும் டைரியை மடியில் கொண்டுவந்து வைத்தாள். பென்சிலில் பெரிய பெரிய எழுத்து.

செவ்வாய்: ஸ்கிப்பிங். மூச்சு வாங்கியது.

புதன்: விளையாடவில்லை. கதவைத் திறக்கக் கூடாது. சிப்ஸ் இரண்டு பாக்கெட், அம்மா வாங்கி வைத்தது.

வியாழன்: ஸ்கிப்பிங். வாழைப்பழம்.

வெள்ளி: விளையாடவில்லை. கதவைத் திறக்கக் கூடாது.

நான் சட்டென்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போனேன். அந்த வரிகளைத் தாண்டிவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சிட்டுப் போடும்மா" என்றாள்.

முதல் வரியிலிருந்து திரும்பவும் படித்தேன்.