அத்தை பார்க்காத செகண்ட் ஹாஃப்

ஒரு படத்தை இடைவேளை வரைக்கும் மட்டும் பார்த்துவிட்டு முழுப் படத்துக்கும் தீர்ப்பு சொல்கிற ஆளை நீங்கள் நம்புவீர்களா? நாங்கள் நம்பினோம். எங்கள் வீடு, எங்கள் காம்பவுண்டில் இருந்த மற்ற ஐந்து வீடுகள், அத்தை வேலை பார்த்த பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள், மொத்தப் பேரும் நம்பினோம்.

இன்றைக்கு எனக்கு எல்லாப் படத்தைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஹீரோ நடந்து வருவதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, ஹீரோயினுக்கு இரண்டு பாட்டும் கன்னத்தில் ஓர் அறையும் மட்டும் கொடுக்கிற படங்கள் எனக்கு ஆகாது. வில்லனின் உதடு ஒன்று பேச, குரல் வேறொன்று பேசுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். படித்தது பி.காம். அதில் ஞாபகம் இருப்பதைவிட, எந்தப் படத்தின் எந்தப் பாட்டுக்குத் தியேட்டரே எழுந்து டீ குடிக்கப் போனது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனில் ஒரு விமர்சனப் பக்கம் ஓடுகிறது. முந்நூறு பேர் படிக்கிறார்கள், அதில் பாதிப் பேர் சண்டை போடுவதற்காகவே வருகிறார்கள். இந்த வாய் முழுக்க அத்தை கொடுத்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தா போன பிறகு எங்கள் ஊரான மண்ணரையில் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்து நாலு. தைத்து வருகிற டி-சர்ட்டை டியூப் லைட் அடியில் விரித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. நன்றாக இருந்தால் பாஸ். தையல் கோணியிருந்தால் ஆல்டர், அதாவது பிரித்துத் தைத்து மறுபடி கொண்டுவா. துணியே ஓட்டை என்றால் ரிஜெக்ட். வாரம் ஆறு நாள் இதையே பார்த்த கண், ஏழாம் நாள் திரையையும் அப்படியே பார்த்தது.

"அம்மா சென்டிமென்ட்டு நாலு இஞ்ச் ஜாஸ்தி கண்ணு. மடிச்சுத் தெச்சிருக்கோணும்" என்பாள். காமெடியன் காரணம் இல்லாமல் வந்து போனால், "பிசிறு தொங்குது பாரு." அழுகிற படம் திடீரென்று அடிதடிப் படமாக மாறினால், "ஒடம்பு ஒரு லாட்டு, கை வேற லாட்டு. சாயம் ஒத்துப் போகல." இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

ஆனால் எந்தப் படத்தையும் அவள் ரிஜெக்ட் செய்ததில்லை. நான் ஒரு படத்தைத் தூக்கி எறிந்து பேசினால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "எத்தன பேரு ராத்திரி பகலா பாடுபட்டிருப்பாங்க. அப்படியெல்லாம் வீசப்படாது. எங்கியாச்சும் பிரிச்சுத் தெச்சா சரியாயிரும். ஆல்டர்னு போடு கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத்தான் போவோம். கல்யாணம் ஆகாத பெண் தனியாகச் சினிமாவுக்குப் போகக்கூடாது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்பது அப்பாவின் கட்டளை. அதாவது காவலுக்கு அனுப்பப்பட்டவள் நான். அப்பா வர முடியாது. அவர் நிட்டிங் மெஷின் மெக்கானிக். வாரம் பூராவும் ஓடுகிற மெஷின் ஞாயிற்றுக்கிழமைதான் நிற்கும், அன்றைக்குத்தான் அவர் ஊசி மாற்றி, பஞ்சு ஊதி, எண்ணெய் விட வேண்டும். சாயங்காலம் தலைமுடியெல்லாம் வெள்ளைப் பஞ்சோடு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். "என்ன படம், பாஸா, ஆல்டரா?" என்பார். அத்தை சோறு போட்டுக்கொண்டே முதல் காட்சியிலிருந்து ஆரம்பிப்பாள். குரல் மாற்றுவாள், சண்டைக்குக் கரண்டியைச் சுழற்றுவாள். டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள்கூட அவ்வளவு நல்ல படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதில் பின்பாதி முழுக்க நான் சொல்லிக் கொடுத்தது.

முதல் தடவை இடைவேளை விட்டதும் அத்தை எனக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்து, கேன்டீன் அக்காவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "தல வலிக்குது சாமி. நீ பாரு, அத்தை வெளிய சித்த நேரம் காத்தாட நிக்கறேன்" என்றாள். அடுத்த வாரமும் தலை வலித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து அவள் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தைக்குச் செகண்ட் ஹாஃப் பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கருத்தை இன்றைக்கும் முழுமையாக ஆதரிக்கிறேன். நம் படங்களில் முக்கால்வாசி இடைவேளையிலேயே முடிந்திருந்தால் மானத்தோடு தப்பித்திருக்கும்.

படம் விட்டதும் வெளி வாசலில் நிற்பாள். ஊத்துக்குளி ரோட்டில் டவுன் பஸ் நகர ஆரம்பித்ததும் விசாரணை தொடங்கும். "சண்டை எத்தன? பாட்டு எத்தன? யாரு செத்தாங்க? யாரு யாரோட சேந்தாங்க?" நான் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். ஒரு படத்தை நான் கவனித்துப் பார்க்கப் பழகியது அப்படித்தான். தூங்கினால் அத்தை ஏமாந்துபோவாள் என்ற பயத்தில் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு தடவை, பாட்டு வந்த நேரத்தில் ஒன்றுக்குப் போக வெளியே வந்தேன். வண்டி நிறுத்துகிற இடத்தின் சிமெண்ட் திட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி ஓர் அண்ணன். நடுவில் வேர்க்கடலைப் பொட்டலம். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இதுவும் பிடிக்கவில்லை, படமாக இருந்தால் இங்கே ஒரு நல்ல பாட்டாவது வைத்திருப்பார்கள்.

"எங்க கம்பெனி அயர்ன் மாஸ்டர் கண்ணு" என்றாள் அத்தை.

அவர் பேச்சு வேறு மாதிரி இருந்தது. திருநெல்வேலிப் பக்கம். "படம் எப்படித் தாயி இருக்கு?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஹீரோவின் நடனத்தில் ஆரம்பித்து ஹீரோயினின் அப்பாவுடைய ஒட்டு மீசை வரைக்கும் நான் நின்றபடியே பிரித்து மேய்ந்தேன். அவர் சிரித்துவிட்டு அத்தையிடம், "ஏ, இவ பெரிய ஆளா வருவா பாத்துக்கோ" என்றார். அத்தையை 'ஏ' என்று ஒருவர் கூப்பிட்டதும், அதற்கு அவள் கோபித்துக்கொள்ளாததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊரில் பால்காரரே அவளை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஹீரோ லாரி டிரைவர். ஹீரோயினின் அண்ணன் ரைஸ் மில் முதலாளி. இதைக் கேட்டதுமே மீதிக் கதையை நீங்கள் சொல்லிவிடுவீர்கள், ஒன்பது வயதில் என்னால் முடியவில்லை. கடைசியில் அண்ணனின் ஆட்கள் மலைப்பாதையில் லாரியைத் தள்ளிவிட்டார்கள். ஹீரோயின் பையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பஸ் வருகிறது, போகிறது. இன்னொரு பஸ் வருகிறது, போகிறது. அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பப்ஸ் சாப்பிட்ட வாய் கசந்தது.

வெளியே அத்தையின் கண் இரண்டும் வீங்கியிருந்தது. படமே பார்க்காமல் இவள் ஏன் அழுதிருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் அன்றைக்குச் சண்டையையும் கேட்கவில்லை, பாட்டையும் கேட்கவில்லை. வெகு நேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசில சேந்துட்டாங்களா கண்ணு?"

ஏற்கெனவே அழுதிருக்கிற ஆளிடம் எப்படி லாரியை மலையிலிருந்து தள்ளுவது? யோசித்தேன். எங்கேயாவது பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே. தைத்துவிட்டேன்.

"சேந்துட்டாங்கத்தை."

"அவங்க அண்ணன்காரரு?"

"ஒத்துக்கிட்டாருங்கத்தை. கடைசில லாரிக்கு மாலையெல்லாம் போட்டு ஒரு பாட்டு."

அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஸ்டாப் வரும்வரை விடவில்லை. என் முதல் திரைக்கதைக்குக் கிடைத்த வரவேற்பு எனக்குத் திருப்தியாக இருந்தது.

அன்று அப்பா "பாஸா, ஆல்டரா?" என்று கேட்கவில்லை. அத்தையே ஆரம்பித்தாள். முன்பாதியை வேகமாக ஓட்டிவிட்டு முடிவுக்கு வந்தாள். கரண்டியைச் சுழற்றவில்லை. குரலும் மாற்றவில்லை. அப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணன்காரரு மொதல்ல ரொம்பத்தான் குதிச்சாருங்ணா. அப்பறம் தங்கச்சி மொகத்தப் பாத்தாரு. வேற ஊர்க்காரனா இருந்தா என்ன, எம்பட தங்கச்சி நல்லா இருந்தாப் போதும்னு அவரே நேராப் போயி மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டாருங்."

இது நான் சொன்னதில் இல்லை. அத்தை தானாகச் சேர்த்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்படியா வந்துச்சு?" என்றார்.

"ஆமாங்ணா."

"வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கரண்ட் இல்ல. மெசின் ஓடல. நாங்க நாலு பேரு அந்தப் படத்துக்குப் போயிட்டு வந்தோம்."

"என்னைய உட்டுப்போட்டா?" என்றாள் அம்மா. அவள் சொம்பைக் கையில் பிடித்தபடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்லு சாமி. அத்தை உம்பட பக்கத்துலதான் உக்காந்திருந்தாளா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தரையில் சிந்திய பருக்கையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லிவிட்டாள் என்று அப்பா நினைக்கிறார், அதைத் துடைத்தாக வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு ரசிகையின் ரசனையை இன்னொரு ரசிகை காப்பாற்றாவிட்டால் எப்படி?

"அத்தை பொய் சொல்லலீங்கப்பா. அத்தைக்கு செகண்ட் ஆஃபே புடிக்காது. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவுமே இன்டர்வெல்லுக்கு அப்பறம் பாக்காதுங். வெளிய அயர்ன் மாஸ்டர் அண்ணன்கூட உக்காந்துக்கும். நாந்தான் மீதிக் கதைய சொல்லுவேன்."

பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தார். அத்தை தட்டுகளை அடுக்கினாள். அன்றைய படம் பாஸா, ஆல்டரா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி வேன் காம்பவுண்டு வாசலில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்த வாரமே மூலனூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முருங்கைத் தோட்டம், கிணறு, நல்ல மனிதர்கள். இரண்டு மாதத்தில் கல்யாணம். எனக்கு ஜரிகை வைத்த பாவாடை எடுத்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினேன். அத்தை என்னைக் கூப்பிட்டு நெற்றியில் வழிந்த பொட்டைச் சரிசெய்துவிட்டாள். அவள் எனக்குச் சொன்னது ஒன்றுதான். "நல்லாப் படி கண்ணு."

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அயர்ன் மாஸ்டர் அண்ணன் மளிகைக் கடை ஓரம் நின்றிருந்தார். "உங்க அத்தைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா தாயி?" என்று கேட்டார்.

"இல்லீங். அத்தைக்குக் கல்யாணம்" என்றேன்.

"சரி தாயி" என்றார். சைக்கிளைத் திருப்பினார். ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். டயர் பஞ்சராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் புரிந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருந்தேன், ஏதோ ஒரு மொக்கைப் படத்தின் நடுவில். அந்தப் பஸ்ஸில் அத்தை என்னிடம் கேட்டது படத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. அன்றைக்கு அயர்ன் மாஸ்டர் அவளிடம் ஏதோ ஒரு முடிவைக் கேட்டிருக்கிறார், இவள் அழுதிருக்கிறாள், பிறகு அண்ணன்கள் ஒத்துக்கொள்வார்களா என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். ஒத்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். அதை நம்பித்தான் அன்றைக்கே வாயைத் திறந்தாள். அவள் அப்பாவுக்குச் சொன்னது கதை இல்லை, விண்ணப்பம். அது தெரியாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் எப்படி என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் தனியாகத்தான் படத்துக்குப் போகிறேன். பக்கத்துச் சீட்டில் யாராவது பையை வைத்தால் எரிச்சலாக வருகிறது. அத்தையோடு ஒரு படம், ஒரே ஒரு படம், டைட்டிலிலிருந்து கடைசி எழுத்து மறைகிற வரைக்கும் பார்க்க வேண்டும் என்று ஆசை. அது எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் பரவாயில்லை. வாய் மூடி உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன்னால் அந்த லாரி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னேன் என்று. நல்ல நாளில் கூப்பிட்டால் மாமா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், கறந்த பால் எத்தனை லிட்டர் என்று பேச்சு எங்கேயோ போய்விடுகிறது.

சற்று முன்பும் கூப்பிட்டேன். மூலனூரில் இன்று முருங்கைச் சந்தை. அத்தை போனை எடுக்கவில்லை.