விண்ணோடத்தின் கட்சியில் நான்

நம் நாட்டுக்காரர் ஒருவர் ரஷ்யக் கலத்தில் விண்வெளிக்குப் போய்வந்த வருடம், அரியலூரில் நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஊரே ரஷ்யக் கலத்தைப் பற்றிப் பேச, பள்ளிப் பட்டிமன்றத்தில் என் தலையில் விழுந்தது அமெரிக்க விண்ணோடத்தின் கட்சி. 'எந்த வேலைக்கும் தோதானது எது?' என்பது தலைப்பு.

அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். கல்லூரிப் பேச்சை எடுத்தாலே பெரம்பலூர் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். நான் விடாமல் நச்சரித்ததில், "பட்டிமன்றத்துல ஜெயிச்சுட்டு வா, பாப்போம்" என்றார். பேச்சை மனப்பாடம் செய்து அவரிடமே ஒப்பித்தேன்.

"ரிட்டர்ன் லோடு ஏத்தலாமா?"

"ஏத்தலாம்ப்பா. கெட்டுப்போன செயற்கைக்கோளையே ஏத்திக்கிட்டு வரலாம். விமானம் மாதிரி எறங்கும், மறுபடி கெளம்பும். ரஷ்யக் கலத்துல மூணு பேரு முடங்கி ஒக்காரத்தான் எடம். ஒரு தடவதான் ஓடும்."

அப்பாவுக்குத் திருப்தி. டயரைத் தட்டிப் பார்த்தபடி அடுத்ததைக் கேட்டார். "கெளம்பறப்ப மக்கர் பண்ணா, உள்ள இருக்கறவன் எப்படிக் குதிப்பான்?"

வேறு யார் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. சுரங்கச் சரிவில் இறங்கும்போது எங்கள் பக்கத்து டிரைவர்கள் கதவைச் சாத்தமாட்டார்கள். பிரேக் பிடிக்காவிட்டால் குதிக்க வேண்டுமே. ரஷ்ய ராக்கெட்டின் உச்சியில், ஆபத்தென்றால் ஆட்களைக் கலத்தோடு பிய்த்துக்கொண்டு போக ஒரு குட்டி ராக்கெட் உண்டு. விண்ணோடத்தில் அப்படி எதுவும் இல்லை. அதை அப்பாவிடம் எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டேன்.

மேடையில் எதிர்க்கட்சி அந்த விஷயத்தைத் தொடவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கோப்பை எனக்குத்தான். ஆனால் கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே மறைக்க முடியவில்லை. "சரக்குக்கும் ரிப்பேருக்கும் எங்கள் ஓடம். ஆள் பிழைத்து வர அந்தக் கலம்" என்று சொல்லித் தொலைத்தேன். சொந்தக் கட்சிக்கே குழி பறித்துவிட்டாள் என்று நடுவர் சிரித்தார். தோற்றேன்.

லாரியில் ஏறியதும் அழுதுவிட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் அப்பா என்ஜினை அணைத்தார்.

"நீ ஜெயிச்சிருந்தாலும் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன்" என்றார். "உள்ளதச் சொல்லித் தோத்தவகிட்ட முடியல. திருச்சி காலேஜுல அப்ளிகேஷன் எப்பக் குடுப்பாங்க?"