மாதவராஜ் விழுங்கிய ரைட்டு

கடத்தூரில் ஒரு நாளைக்கு எத்தனை ரைட்டு காதில் விழும் என்று யாராலும் எண்ண முடியாது. டீ போடட்டுமா என்றால் ரைட்டு. பெண் பார்த்து வந்தோம், பிடித்துப்போயிற்று என்றால் அதற்கும் ரைட்டு. வழி கேட்டால் ரைட்டில் திரும்பு. லாரியைப் பின்னால் எடுத்தால் ரைட்டு, ரைட்டு, ரைட்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடுகிற சிவப்புக் குறிக்கும் அதே பேர்தான். வரப்புச் சண்டை முற்றி, "ரைட்டு, பாத்துக்கறேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போகிறவனுக்கும் அதை விட்டால் வேறு வார்த்தை கிடையாது.

இத்தனை பேருக்கு நடுவில் மாதவராஜ் ஒருவர்தான் அதைச் சொல்லமாட்டார். வழி கேட்டால் "சோத்தாங்கை பக்கம்" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். மற்றதற்கெல்லாம் ஒரு "சரி". அவ்வளவுதான்.

டீக்கடை தங்கம்மாள் சும்மா விடுவாளா?

"ஏங்க கண்டக்டரே, அத்தன வருசம் பஸ்ஸுல கத்துன வாயி. ஒரு ரைட்டு சொன்னா முத்து உதுந்துருமா?"

"சரின்னு சொன்னா டீ வராதா?" என்பார். குடித்து முடித்ததும் எழுந்து போய்விடுவார். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. மனைவி சுகுணா போய்ச் சேர்ந்து ஆறு வருசம். பிள்ளை இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவிக் கவிழ்த்தால் அன்றைய பொழுது முடிந்தது.

அந்த வார்த்தை நின்றது பதினாலு வருசத்துக்கு முன்னால். அவர் கண்டக்டர், பச்சியப்பன் டிரைவர், தருமபுரிக்குப் போய்வருகிற தனியார் பஸ். கூட்டம் தொங்குகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்படி தெரியாது. கண்ணாடியில் ஆட்களின் சட்டைதான் தெரியும். கண்டக்டர் கொடுக்கிற ரைட்டுதான் அவருக்குக் கண். கடைசி ஆளின் இரண்டு காலும் படியேறிய பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும். அன்றைக்குச் சந்தை நாள். நெரிசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் மாதவராஜ் ரைட்டு கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. கடைசியாக ஏறிய குள்ளம்மாளுக்கு ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். தக்காளிக் கூடையோடு விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள், "ரைட்டு குடுத்தியா?"

"குடுக்கலைங்க. அவரா எடுத்துட்டாருங்க."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயத்தில் தானாக வந்தது. பயம் என்பதற்காக அது பொய் இல்லை என்று ஆகிவிடாது. குள்ளம்மாள் பிழைத்துக்கொண்டாள், இன்றைக்கும் கோல் ஊன்றிச் சந்தைக்கு வருகிறாள். அவளுக்கு விழுந்தது மட்டும்தான் தெரியும். பச்சியப்பனை முதலாளி வேலையிலிருந்து இறக்கிவிட்டார். மாதவராஜ் தங்கிவிட்டார். ஆனால் மறுநாள் படியில் நின்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதன் பிறகு வேலை விட்டு நிற்கிற வரைக்கும் விசில்தான். சுகுணாவிடம்கூட ஏன் என்று சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு காலை, தங்கம்மாள் வடைச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்க பழைய டிரைவர் பச்சியண்ணன் காதக் காட்ட நாளைக்கு மறுபடியும் தருமபுரிக்குப் போறாராமுங்க. காது சுத்தமா கேக்குதுன்னு டாக்டருங்க மூணு தடவ சொல்லிட்டாங்களாம். மனுசன் நம்பமாட்டேங்கறாரு."

மாதவராஜ் டீயைப் பாதியில் வைத்தார். பச்சியப்பன் ஊருக்கு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பச்சியப்பன் வீட்டு வாசலில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கயிற்றை மறுபடி முடியத் தொடங்கினார்.

"பச்சியண்ணா, அன்னிக்கு ரைட்டு நாந்தான் குடுத்தேன்."

தழைக் கயிறு அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"நாந்தாங்கண்ணா குடுத்தேன். ஸ்டேஷன்ல பொய் சொல்லிட்டேன்."

"பதினாலு வருசம்டா." பச்சியப்பன் குரல் உயரவில்லை. "வேல போனதுக்கு நான் அழல. எங்கூட எட்டு வருசம் ஓடுன பையன், பொய் சொல்லமாட்டான்னு நெனச்சேன். அப்ப எங்காதுதானே பொய்? கேக்காதது கேக்குதேன்னு அப்பறம் ஸ்டீரிங்கத் தொடவே இல்ல. பேரப்புள்ள தாத்தான்னு கூப்புட்டாக்கூட ரெண்டாந்தடவ கூப்புடட்டும்னு உக்காந்திருப்பேன்."

மாதவராஜுக்குக் காலில் விழலாம் என்று தோன்றியது. பச்சியப்பன் கையைக் காட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம். அங்க போய் நில்லு, அந்தப் படல்கிட்ட. அன்னிக்குக் குடுத்த மாதிரியே குடு."

மாதவராஜ் போய் நின்றார். பச்சியப்பன் கல்லில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் பார்த்தார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. படலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ரைட்டேய்!"

ஆடுகள் தலையைத் தூக்கின. பச்சியப்பனின் வலது கால் தானாக மண்ணை அழுத்தியது. அவர் அந்தக் காலைப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். "இதேதான் கேட்டுச்சு."

அப்புறம் எழுந்து மறுபடியும் தழை கட்டத் தொடங்கினார். உள்ளே வா என்று சொல்வார், ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார் என்று மாதவராஜ் நின்று பார்த்தார். திட்டினாலும் போதும் என்று நின்றார். பச்சியப்பன் திரும்பவில்லை. பின்னால் ஆள் நிற்பது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

மாதவராஜ் படலைச் சாத்திவிட்டு ரோட்டுக்கு நடந்தார். பஸ் வந்தது. ஏறியது அவர் ஒருவர்தான். இரண்டு காலையும் படியில் வைத்து, குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.