எட்டுக்கு ஏழு

எட்டு வாரத்தில் எட்டுப் பேர் வெளியேறியிருக்கிறார்கள். அதில் ஏழு பேரை ஊக்கக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சோபாவின் நுனியில் வந்து உட்காருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிவியில் பாடுகிறவரின் முகத்தை விட்டு இடுப்பைப் பார்ப்பார். இரண்டாவது சரணம் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "முதுகுல ஊக்கு. இன்னிக்கு இவரை அனுப்பிடுவாங்க." அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நடப்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வெறும் ஜோடனை.

பன்னிரண்டு பேரோடு தொடங்கிய பாட்டுப் போட்டி அது. நேயர்கள் வாரம் முழுக்கப் போனில் ஓட்டுப் போடுகிறார்கள். ஞாயிறு நிகழ்ச்சியின் கடைசியில் ஓட்டுக் குறைந்தவர் வீட்டுக்குப் போகிறார். இதில் ஊக்கக்காவின் சந்தேகம் மிக எளிமையானது. தங்கப்போகிறவருக்கு அளவெடுத்துத் தைக்கிறார்கள். போகப்போகிறவருக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? இருப்பில் தொங்குவதை மாட்டிவிட்டு முதுகில் ஊக்குப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள்.

"அளவெடுத்துத் தச்சதுன்னா, கையைத் தூக்கினா தோள் மட்டும் எழுந்திருக்கும். ஊக்குப் போட்டதுன்னா மொத்தச் சட்டையும் கூடவே எழுந்திருக்கும். ஓட்டு ஞாயித்துக்கிழமை முடியுது. ட்ரெஸ் வெள்ளிக்கிழமையே தயார். துணிக்கு மட்டும் எப்படி ரெண்டு நாள் முன்னாடியே ரிசல்ட் தெரியுது?"



ஊக்கக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு பெரிய வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், நகரும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் முக்கோண இடம்தான் கடை. ஒரு தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு திரை. படிக்கட்டு ஓடும் வரை மேசைமேல் கத்தரிக்கோல் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். புதிதாக எதுவும் தைத்துத் தருவதில்லை. குறைப்பது, பிரிப்பது, ஏற்றுவது, இறக்குவது மட்டும். "அடுத்தவங்க தையல்ல சொன்ன பொய்யைச் சரி பண்றது என் வேலை" என்பார். நீல மேலங்கியின் இடது தோளில் ஏழெட்டு ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருக்கும். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் சொல்லும் அளவை அவர் எழுதிக்கொண்டதே கிடையாது. "எப்பவும் முப்பத்திநாலுதாங்க" என்பவரின் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டி, நுனியைப் பிடித்து, எண்ணை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டுவார். அந்த டேப்பையே கூட நம்பி வாங்கவில்லை. கடையில் இன்னும் மூன்று டேப்பை விரித்து ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். வீட்டில் லிப்டில் ஏறினால், ஏற்கெனவே ஒளிர்கிற பொத்தானை இன்னொரு முறை அழுத்துவார். எண் மாறும்போது வாய்க்குள் தானும் எண்ணிக்கொள்வார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஞாயிறு ஓய்வு. மனைவிக்கு நேர் எதிர். டிவியில் யார் அழுதாலும் அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். போட்டியில் ஒரு டாக்ஸிக்காரர் இருக்கிறார். பாடுவதற்கு முன் தன் கஷ்டத்தைச் சொல்லாமல் மைக்கைத் தொட மாட்டார். கணவர் அவருக்கு வாரம் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்.

"கஷ்டம் வாராவாரம் வளருது, கவனிச்சீங்களா? முதல் வாரம் வாடகை வீடுன்னாரு. நாலாவது வாரம் வீடே இல்லைன்னாரு. இப்படியே போனா ஃபைனல்ல அவரே இல்லைம்பாரு."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா நான் பார்க்கிறது கண்ணால."

அந்தக் கண்ணிலிருந்து நடுவர்களும் தப்ப முடியாது. மூவரில் நடுவில் இருக்கும் அம்மாள் கைக்குட்டையை இமையின் கீழே ஒற்றி எடுப்பார். மை ஒரு புள்ளிகூடக் கலையாது. "இது அழுகை இல்லை, தொழில்" என்கிறார் ஊக்கக்கா. பார்வையாளர் வரிசையில் சாம்பல் சட்டைப் பெண் ஒருத்தி மூன்றாவது வாரம் கண்ணைத் துடைத்தாள். ஆறாவது வாரம் வேறு பாட்டுக்கு, அதே நாற்காலியில், அதே கையால் துடைத்தாள். இரண்டு முறையும் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. "மூணு வாரமா ஒரு பொத்தான் தைக்க நேரமில்லாதவ, பாட்டுக் கேட்டு உருகறாளாம்."

தவறிய அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் உயரும். ஐந்தாவது வாரம், போட்டியில் பாடும் நர்ஸின் முதுகில் மூன்று ஊக்குகளைப் பார்த்து, நர்ஸ் போய்விடுவார் என்றார். போனதோ இன்னொரு போட்டியாளரான சமையற்காரர்; தொண்டை கட்டிக்கொண்டு அவரே விலகிவிட்டார். "அது ஓட்டு இல்லை, சளி. கணக்குல வராது" என்று அடித்துச் சொல்லிவிட்டார். பக்கத்தில் பூட்டுச்சாவிக் கடை வைத்திருப்பவர் இதை விடுவதாக இல்லை. இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கேட்பார்: "என்ன அக்கா, எட்டுக்கு எட்டா, எட்டுக்கு ஏழா?" ஊக்கக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார். "ஏழுக்கு ஏழு."

இத்தனைக்கும் நடுவில், ஒரே ஒரு போட்டியாளரின் உடுப்பை ஊக்கக்கா இன்றுவரை பார்த்ததில்லை. அவள் ஊக்கக்காவின் அண்ணன் மகள். வயது இருபத்திரண்டு. மருந்துக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் போட்டிக்குப் போயிருக்கிறாள். இப்போது மிச்சமிருக்கும் நான்கு பேரில் அவளும் ஒருத்தி. முதல் வாரமே அண்ணன் போன் செய்து சொல்லிவிட்டார்: "ஊரார் பிள்ளைங்களை என்ன வேணா சொல்லு. என் பொண்ணு மேல மட்டும் உன் வாயை வைக்காதே." அவர் சொல்லாவிட்டாலும் இப்படித்தான் நடந்திருக்கும். அண்ணன் மகள் மேடைக்கு வருகிறாள் என்று அறிவித்ததும் ஊக்கக்கா எழுந்து, "பாத்திரம் கிடக்குது" என்று சமையலறைக்குள் போய்விடுவார்.

"எட்டு வாரமாப் பார்க்கிறேன்" என்கிறார் கணவர். "பாத்திரம் கழுவத்தான் போறா. அந்த மூணு நிமிஷம் தண்ணிச் சத்தமே கேட்காது."

இந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் கடைக்கே வந்துவிட்டாள். கையில் நீளமான துணிப்பை. அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"அத்தை, இது ஞாயித்துக்கிழமைக்கு. காலைத் தடுக்குது. இடுப்புல வேற லூசு."

"உங்க ஆளுங்ககிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னேன். ரெண்டு மணி நேரம்தானே, ஊக்குப் போட்டுக்கலாம்னாங்க."

ஊக்கக்காவின் கை பையின் ஜிப்பில் பாதியில் நின்றது. பக்கத்துக் கடையில் சாவி அராவும் சத்தமும் நின்றது.

உள்ளே இருந்தது கரும்பச்சை நிறத்தில் கணுக்கால் வரை நீண்ட உடுப்பு. ஊக்கக்கா அதை வெளியே எடுத்து, விளக்கடியில் பிடித்து, உட்புறத்தைத் திருப்பினார். வேறு யாருக்கோ எப்போதோ தைத்தது. கழுத்தடியில் பழைய பவுடர் கறை. கீழ் ஓரம் முழுக்க விரற்கடை இடைவெளி விட்டுப் போட்ட கைத்தையல், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். இடுப்பின் பின்பக்கம் மூன்று ஊக்கு.

எட்டு வாரமாகச் சமையலறைச் சுவரைப் பார்த்துத் தள்ளிப்போட்டது இப்போது மடியில் கிடந்தது.

"மத்த மூணு பேருக்கும் போன திங்கக்கிழமையே அளவெடுத்தாங்க" என்றாள் பெண். குரலில் அழுகை எதுவும் இல்லை. "எனக்கு எடுக்கல. அதான் கொண்டுவந்தேன். தைக்கிறதுக்கு மட்டும் இல்லை அத்தை. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"என்னத்தை?"

"எல்லாருக்கும் சொல்றீங்க இல்ல? எனக்கு மட்டும் ஒரு வாரம்கூடச் சொன்னதில்லை. மாமாவைக் கேட்டா, அத்தை உள்ள போயிட்டாங்கம்பாரு."

"உன் ட்ரெஸ்ஸை நான் பார்த்ததில்லைடி."

"பாட்டையாவது கேட்டீங்களா?"

ஊக்கக்கா கரும்பச்சைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "குழாயை மூடிட்டுத்தான் கேட்பேன். மூணாவது வாரம் நடுவுல மூச்சு வாங்கினே. இப்ப அது இல்லை."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே போயும் விட்டது. "சரி, சொல்லுங்க. நான் போயிடுவேனா? முன்னாடியே தெரிஞ்சா மேடையில உடைஞ்சு போக மாட்டேன். உங்க கணக்குத் தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

நகரும் படிக்கட்டில் யாரோ கூட்டமாக ஏறினார்கள். கத்தரிக்கோல் மேசைமேல் நடுங்கியது. ஊக்கக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"யார் சொன்னா தப்பாதுன்னு? தப்பியிருக்கு. எட்டுக்கு ஏழுதான். அந்த நர்ஸுக்கும் இதே மாதிரி மூணு ஊக்குப் போட்டிருந்தாங்க. அனுப்பிடுவாங்கன்னு நான்தான் சொன்னேன். இன்னிக்கும் உன் பக்கத்துலதானே நிக்கிறா?"

சாவிக்காரர் தடுப்புக்கு மேல் தலையை நீட்டினார். "அது சளிக் கணக்குன்னு சொன்னீங்களே அக்கா?"

"நீங்க உங்க சாவியைப் பாருங்க."

தலை உள்ளே போனது. ஆனால் அராவும் சத்தம் ரொம்ப நேரத்துக்குக் கேட்கவில்லை.

ஊக்கக்கா டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். தோள், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுத்தார். கையை மேலே தூக்கச் சொன்னார், மைக் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னார், மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி அப்போது ஒரு முறை எடுத்தார். பிறகு உடுப்பின் கீழ் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கைத்தையல் முழுக்கப் பிரிந்து, வெள்ளை நூல் தரையில் சுருண்டு விழுந்தது. இடுப்பிலிருந்த மூன்று ஊக்குகளையும் கழற்றித் தன் தோளிலிருந்த வரிசையில் சேர்த்துக் குத்திக்கொண்டார்.

மெஷின் முக்கால் மணி நேரம் ஓடியது. பெண் முக்காலியில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் தன் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு எதுக்கு அத்தை ரெட்டைத் தையல்?"

ஊக்கக்கா வாயிலிருந்த குண்டூசி ஒன்றை எடுத்து ஓரத்தில் குத்தினார். தையலுக்கு உள்ளே இரண்டு அங்குலம் துணியை மடித்து விட்டார். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். அவர் வழக்கமாக விடுவது அரை அங்குலம்தான்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி. அண்ணன் மகள் மூன்றாவதாகப் பாடுகிறாள். பாத்திரங்களை மதியமே கழுவிக் கவிழ்த்துவிடும்படி ஊக்கக்கா கணவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.