நாய் கொடுக்காத மனு

எங்கள் குடியிருப்பில் ஒரு நாய் கடும் மன உளைச்சலில் இருக்கிறது என்று இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் நாயோடு பேச்சுவார்த்தை கிடையாது. மனுவை எழுதியது நான்தான். முப்பது வருஷம் அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், குடியிருப்போர் சங்கத்துக்கு எது எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். 'எஜமானர் பெண்ணுடையில் இருப்பதைக் காணச் சகியாமல் அந்த வாயில்லா ஜீவன் தினமும் கதறுகிறது' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்து, என் நடையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த எஜமானர் எனக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருக்கிறார். பல்செட் செய்கிற தொழில். பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ராவி, தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தாலும் எங்களுக்கு அவர் பல்செட்காரர்தான். எங்கள் கட்டடத்தில் ஏழு வாய்களுக்குள் அவர் கைவேலை இருக்கிறது. சங்கத் தலைவருக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே அவர் செய்தது. என் வீட்டுக்காரருக்கு முன்பல் மூன்று. அவர் செய்து கொடுத்த பல்லை வைத்துக்கொண்டே அத்தனை பேரும் அவரை மென்றோம்.

குனிந்த தலை நிமிராத ஆள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவார். "வரேன் அக்கா" என்பார், போகும்போதும் வரும்போதும். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினாராம். அப்புறம் அந்தப் பெண் சண்டை சச்சரவு இல்லாமல் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது அந்த நாய் ஒன்றுதான். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். ஏன் இந்தப் பெயர் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு வேலையும் செய்யாது அக்கா, ஆனா நான் எந்திரிச்சா எங்க போறேன்னு கேக்கும்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தது அவரிடம் அந்த ஒரு தடவைதான்.

மேனேஜர் தினமும் காலை எட்டு பத்துக்கு ஊளையிடும். சாதாரண ஊளை இல்லை. யாரோ சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட்டது போல, நீட்டி, இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும் இழுக்கும். எட்டே முக்கால் வரை கச்சேரி நடக்கும். மூன்று வருஷம் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம். அதாவது, முணுமுணுத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டோம்.

அப்படி இருக்கையில், எதிர்க்கட்டடத்து மூன்றாம் மாடி அம்மா ஒருநாள் காலை மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனார். காயப்போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, பல்செட்காரரின் சமையலறை ஜன்னலை ஆராய்ச்சி செய்தார். உள்ளே பல்செட்காரர் கணுக்கால் வரை தொங்குகிற பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு, காதில் கிளிப் தோடு மாட்டிக்கொண்டு, ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாராம். மணி ஏழே முக்கால். எட்டு பத்துக்கு நாய் ஊளையிட்டது. மூன்றாம் மாடி அம்மா இரண்டையும் கூட்டிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் விடை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு ஆம்பளை கவுன் போடுகிறார் என்று புகார் எழுத யாருக்கும் துணிச்சல் இல்லை. எழுதினால், "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே! அதனால் நாயைப் பிடித்தோம். அந்த நாய்க்கு அதுவரை ஒரு பிஸ்கட் துண்டைக்கூடப் போடாதவர்களுக்கெல்லாம் திடீரென்று நெஞ்சு உருகியது. கவுனை விட வேண்டும், இல்லை நாயைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மனுவில் கேட்டோம்.

சங்கக் கூட்டத்தில் பல்செட்காரர் எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "நான் வேலைக்குப் போறதாலதான் சார் அது அழுது."

"அதெல்லாம் நிபுணர் வந்து சொல்லட்டும்" என்றார் தலைவர். நிபுணர் என்றது அவருடைய தம்பி மகளை. மிருக வைத்தியம் படித்தவள். சொந்தக்காரப் பெண், பெரியப்பா பேச்சைத் தட்ட மாட்டாள் என்ற நம்பிக்கை அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதனை. தலைவர், மூன்றாம் மாடி அம்மா, வைத்தியர், குறிப்பெழுத நான், நான்கு பேரும் பல்செட்காரர் வீட்டு வாசலில் போய் நின்றோம். உள்ளே கால் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசை மேல் சுண்ணாம்பு நிறத்தில் யாருடைய தாடை அச்சோ ஒன்று. தரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"முதல்ல கவுன் போட்டுட்டு வாங்க" என்றாள் வைத்தியப் பெண்.

அவர் உள்ளறைக்குப் போய், பத்து நிமிஷம் கழித்துப் பச்சைக் கவுனில் வந்தார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதரை, அவர் வீட்டுக்குள்ளேயே, நாங்கள் நான்கு பேர் வரிசையாக நின்று பார்த்தோம். எனக்கு அப்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேனாவை மூடவில்லை.

மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து கவுன் ஓரத்தை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, அவர் பாதத்தின் மேலேயே பொத்தென்று விழுந்து கண்ணை மூடிக்கொண்டது.

"அதிர்ச்சியில மயங்கிடுச்சு பாரும்மா" என்றார் தலைவர்.

"தூங்குது பெரியப்பா. கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள். பிறகு பல்செட்காரரிடம், "இப்ப வேலைக்குப் போற டிரஸ் போட்டு வாங்க சார்" என்றாள்.

அவர் இன்னும் வெளியே வரவே இல்லை. உள்ளே பெல்ட்டின் கொக்கி சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மேனேஜர் துள்ளி எழுந்தது. தலையை மேலே தூக்கி ஆரம்பித்தது பாருங்கள், மூன்றாம் மாடி அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பேண்ட்டும் சட்டையுமாக அவர் வந்ததும் கால்சட்டை நுனியைக் கவ்விப் பின்னால் இழுத்தது.

"பேண்ட் போட்டா வெளிய போறார், கவுன் போட்டா வீட்ல இருக்கார். நாய் அவ்வளவுதான் கணக்கு வெச்சிருக்கு. அதுக்குக் கவுன்னா ரொம்பப் பிடிக்கும்" என்றாள் வைத்தியப் பெண்.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். தலைவருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "காரணம் எதுவா இருந்தா என்ன? எங்களுக்குச் சத்தம் நிக்கணும். பத்து நாள் டைம். இல்லன்னா நாய் போகணும்" என்றார்.

"அப்ப சார் கவுன்லயே வேலைக்குக் கிளம்பட்டும். கொஞ்ச நாளைக்கு அழாது" என்றாள் அவள். பெரியப்பாவைக் குத்துவதற்காகச் சொன்னது. பல்செட்காரர் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனேஜரைப் பார்த்தபடி, "சரிங்க" என்றார். நானும் குறிப்பில் எழுதினேன். 'கொஞ்ச நாளைக்கு' என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். அது முக்கியமாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை எட்டு பத்துக்குக் குடியிருப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்காம் மாடிக் கதவு திறந்தது. ஊளை இல்லை. பச்சைக் கவுன், கீழே வேலைக்குப் போடுகிற அதே கறுப்பு ஷூ, தோளில் சாப்பாட்டுப் பை. படிக்கட்டில் அவர் இறங்க இறங்க ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் விரல் அளவு திறந்தன. தலைவர் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது பிளாஸ்டிக் செடி.

"வரேன் அக்கா" என்றார் என் வாசலில். "போயிட்டு வாங்க தம்பி" என்றேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "எந்த உடுப்புல போறான்?" என்று கேட்டார். "உங்க முன்பல்லைச் செஞ்ச கையோட போறார்" என்றேன்.

அவரைத் தைரியசாலி என்று இப்போது சிலர் புகழ்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. அவருக்குத் தெருவில் ஊர்வலம் போகிற ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கவுனை மாட்டிக்கொண்டு, காலடியில் நாயோடு ஒரு கோப்பை டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தெருமுனையில் இரண்டு பேர் சீட்டி அடித்தார்களாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்ததாம். பட்டறை முதலாளி மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெழுகு பட்டா போகாது, மேல ஏப்ரன் கட்டிக்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாராம். எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் இல்லாத புத்தி அந்த ஒருத்தருக்கு இருந்திருக்கிறது.

திங்கள், செவ்வாய், புதன், மேனேஜர் வாயே திறக்கவில்லை. வியாழக்கிழமை கதவு சாத்தியபின் லேசாக முனகியது. வெள்ளிக்கிழமை கதவு சாத்துவதற்கு முன்பே முனகியது. சனிக்கிழமை கவுனைக் கையில் எடுத்ததுமே ஊளை. நாய் முட்டாள் இல்லை. கவுன் போட்டாலும் இந்த ஆள் போய்விடுகிறார் என்று கற்றுக்கொள்ள அதற்கு ஆறு நாள் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. காலையில் எப்போதும்போல் கவுனைப் போட்டிருக்கிறார். மேலே ஊளை கிளம்பியது. வேலை நாளில் எட்டே முக்காலுக்கு நின்றுவிடும். அன்று ஒன்பதாகியும் நிற்கவில்லை. தலைவர் என் கதவைத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நோட்டை எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார்.

கதவு திறந்தே இருந்தது. பல்செட்காரர் பச்சைக் கவுனில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கவுன் ஓரத்தைக் கவ்வி இழுப்பதும், விட்டுவிட்டு அழுவதும், மறுபடி இழுப்பதுமாக இருந்தது.

"பாத்தீங்களா? கவுனைப் பாத்து அழுதுன்னு அன்னிக்கே நாங்க எழுதினோமா இல்லையா?" என்றார் தலைவர்.

நான் வாய்க்கு வந்தபடி எழுதிய அந்த வரி, எழுதியபோது முழுப்பொய். இப்போது எழுத்துக்கு எழுத்து உண்மை. உண்மையாக்கியது நாங்கள்.

பல்செட்காரர் தலையை நிமிர்த்தினார். ஒரே கட்டடத்தில் இருக்கும் இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் கண்ணை நேராகப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. "எழுதினீங்க சார். மூணு வருஷமா இந்தக் கவுனைப் பாத்தா ஓடிவந்து கால்ல படுத்துக்கும். ஒரே வாரத்துல அதையும் அழ வெச்சுட்டீங்க" என்றார்.

"அதான் சொல்றேன். கவுனா நாயா, ஏதாவது ஒண்ணை விடுங்க."

"ரெண்டையும் விட மாட்டேன். எழுதிக்குங்க அக்கா."

எழுதினேன். அந்த நோட்டில் உள்ள உருப்படியான வரி அது ஒன்றுதான்.

கீழே வந்ததும் தலைவர், நாயை வெளியேற்றும் கடிதத்தை அன்றைக்கே எழுதித் தரச் சொன்னார். "நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லி நோட்டை அவர் கையில் கொடுத்தேன். மனுவில் இருந்த என் கையெழுத்தையும் அவர் முன்னாலேயே அடித்தேன். எங்கள் சங்கத்தில் வாய் கிழியப் பேச இருபது பேர் உண்டு, சேர்ந்தாற்போல் நான்கு வரி எழுத ஒருத்தர் கிடையாது. அந்தக் கடிதம் இன்றுவரை எழுதப்படவில்லை. நாயை விட்டுவைத்தது எங்கள் நல்ல மனசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோம்பேறித்தனம்.

அன்றைக்கு ஊளை பன்னிரண்டரைக்கு நின்றது. திடீரென்று நின்றதும் எனக்குப் பகீரென்றது. மாடியேறிப் போய்ப் பார்த்தேன். அவர் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். மேனேஜர் தொண்டை வற்றி, கவுன் ஓரத்தைப் பல்லில் கவ்வியபடியே, அவர் பாதத்தின் மேல் தூங்கிப்போயிருந்தது.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். "எந்திரிச்சா மறுபடி அழும் அக்கா. நான் எங்கயும் போகலன்னு அதுக்குத் தெரியணும்" என்றார், கிசுகிசுப்பாக. "கொஞ்சம் தண்ணி மட்டும் எடுத்துக் குடுக்கறீங்களா?"

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் அந்த மனிதருக்காக நான் செய்த முதல் காரியம் அது.