அடுப்படியில் வைத்த ரெக்கார்டர்

பேச்சின் நடுவில் கேமரா அணைந்துவிட்டது. திரையில் சூட்டைக் காட்டும் சின்னக் குறி ஒன்று வந்தது, பிறகு கறுத்துவிட்டது. எதிரே நாற்காலியில் இருந்தவர் அது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார். தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி செத்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

சேலத்தில் நான் வீடியோ எடுக்க வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. புதிதாகக் கேமரா வாங்கும் பிள்ளைகள் ஸ்டுடியோவுக்கு வந்து, "கேமராவுக்குள்ளயே கார்டுல ரெக்கார்ட் பண்றதா, வெளி ரெக்கார்டர் மாட்டறதா, எது பெஸ்ட் மேடம்?" என்பார்கள். எது பெஸ்ட் என்று யாராவது கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களிடம் நான் சொல்வது இந்தப் பள்ளிபாளையம் வேலையைத்தான்.

கரண்ட் இல்லாத நாள்

முதலில் ஒரு அம்மா போன் செய்தார். "ஏனுங்க, எங்கூட்டுக்காரருக்குத் தொண்டையில ஆப்பரேசனுங்க. அதுக்கப்பறம் பேச்சு வராதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. அவரு பேசறத மொகத்தோட புடிச்சுக் குடுக்கோணுமுங்க."

"சத்தம் இல்லாத இடம் இருக்காங்க?"

"அதுக்கு எங்கீங்க போறது? சுத்தியும் தறி. வெள்ளிக்கெழம பராமரிப்புன்னு பகலெல்லாம் கரண்ட்ட நிறுத்தறாங்க. அன்னிக்குத்தானுங்க ஊரு வாய மூடும். மத்தியானம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரு வருது. அதுக்குள்ள முடிச்சுப்போடோணும்."

போய் இறங்கியபோது பள்ளிபாளையம் ஏதோ தூக்கத்தில் இருப்பது போல் இருந்தது. எந்நேரமும் தடதடவென்று ஓடுகிற விசைத்தறிகள் எல்லாம் நின்றிருந்தன. தென்னை மட்டை உரசுவது கேட்டது. யாரோ ஒருவர் தெருக்கோடியில் சைக்கிள் மிதிப்பது கேட்டது. நானே மெல்ல நடந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

முன்னால் தறிப்பட்டறை, பின்னால் வீடு. அந்த அம்மாவின் கணவர் நல்லமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு நடு அறையில் தயாராக உட்கார்ந்திருந்தார். கூரை தகரம். அதில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் தூணாக இறங்க, அதற்குள் பஞ்சுத்தூசு மிதந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் போதும், நான் விளக்கே எடுக்கவில்லை.

அவர் குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. காகிதத்தை மெல்லக் கசக்குவது போல வந்தது. என் வெளி ரெக்கார்டருக்குள் ஒரு குட்டி விசிறி உண்டு. மேளம் அடிக்கிற கல்யாண வீட்டில் அதன் இரைச்சல் ஒருவருக்கும் கேட்காது. இந்த அறையில் அது அவர் குரலோடு சரிக்குச் சரி பேசும். அதனால் அதைப் பையிலேயே விட்டுவிட்டு, கேமராவுக்குள்ளேயே, ஃபோர்-கேயில், கார்டில் எடுத்தேன். மின்விசிறியும் ஓடாத தகரக் கூரை அறையில் கேமரா எவ்வளவு நேரம்தான் தாங்கும்? அணைந்துவிட்டது.

நீளக் கேபிள்

"நானு பேசுனது போச்சுங்களா சாமி?" என்றார் அண்ணன்.

"இதுவரைக்கும் பேசினது கார்டுல இருக்குங்கண்ணா. கேமரா சூடாயிருச்சு."

"குரலு இன்னும் கொஞ்சந்தான் மிச்சம் இருக்குது. பாத்துச் செலவழிங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி ஓடிப்போய் பனையோலை விசிறியை எடுத்துவந்து கேமராவுக்கு வீசினார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வீசுவது போல வீசினார். அது ஆறுகிற வரை காத்திருக்க நேரம் இல்லை. ஆறினாலும், மறுபடி கார்டில் எழுதச் சொன்னால் மறுபடி படுத்துக்கொள்ளும். வெளி ரெக்கார்டரை மாட்டினால் எழுதுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும், கேமராவுக்குப் பாரம் குறையும். ஆனால் ரெக்கார்டருக்குள் இருக்கிற அந்த விசிறியின் சத்தம்?

பைக்குள் கையை விட்டபோது, மண்டபத்தில் எல்.இ.டி. திரைக்குக் கொடுக்கிற நீள எச்.டி.எம்.ஐ. கேபிள் தட்டுப்பட்டது. ரெக்கார்டர் கேமரா பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். அவ்வளவு நீளக் கேபிளில் ஃபோர்-கே நடுவில் அறுந்து போகலாம், அதனால் ஃபுல் எச்.டி.க்கு இறக்கினேன். படம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

யாராவது ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே. அந்த அம்மாவை அதன் முன் உட்காரவைத்து, ஹெட்போனையும் மாட்டிவிட்டேன். "இந்தச் சிவப்புப் புள்ளி போனாலும், சத்தம் நின்னாலும் எனக்குக் கை காட்டுங்க."

நான் நின்ற இடத்திலிருந்து அடுப்படி தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. ஒயர் போவதை அவர் பார்த்தார், ஆனால் அதன் வழியாகப் பேச்சும் போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு அவர் அவசரமே இல்லாமல் பேசினார். முதன்முதலில் ஓட்டிய தறியைப் பற்றி, ஆற்றில் தண்ணீர் ஏறிவந்த வருடத்தைப் பற்றி, தூக்கத்திலும் காதுக்குள் தறி ஓடுவதைப் பற்றி. தறி நின்றால்தான் விழிப்பு வருமாம். வெயில் தூண் அவர் தோளிலிருந்து மடிக்கு நகர்ந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

"வேற ஏதாச்சும் சொல்லணுங்களாண்ணா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"எங்கூட்டுக்காரிய நானு பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க. தறி ஓடறப்ப கூப்புட்டா ஆருக்குக் கேக்குது? கைதான் தட்டுவேன். தறி நின்னாலும் கைதான். அப்படியே பழகிப்போச்சு."

அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ சோத்து வேலையா இருப்பா. ஒருக்கா கூப்புட்டுப் பாக்கட்டுங்களா?"

நான் தலையாட்டினேன்.

"பாவாயி" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு, மெதுவாக, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போல.

அடுப்படியில் அந்த அம்மா இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். புள்ளி இருக்கிறதா என்று கையால் கேட்டேன். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கி, திரை சரியாகத் தெரியவில்லை. காரில் ஏறும்போதுகூட அந்த அம்மா அவரிடம், "சால்வ எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்டார்.

வெட்டிக் கொடுத்தது

ஆப்பரேஷன் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பின் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அந்தப் பேரச் சொல்ற எடத்த மட்டும் வெட்டி என்ற போனுக்கு அனுப்புங்க சாமி." வெட்டும்போது கேட்டுப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரு இரைச்சல் இல்லை, அவர் மூச்சுகூட இருந்தது. உள்ளேயா வெளியேயா என்று கேட்கும் பிள்ளைகளே, அந்த வீட்டில் எது காதில் விழ வேண்டும் என்பதை முதலில் விசாரியுங்கள். கார்டும் ரெக்கார்டரும் அதற்கு அப்புறம்தான்.

முழு வீடியோவைப் பென்டிரைவில் போட்டு நானே நேரில் கொண்டுபோனேன். அண்ணன் முன்னால் பட்டறையில் இருந்தார். அடுப்படியில் எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அலமாரியில் இருந்த அவருடைய போன் அதிர்ந்து, அண்ணன் குரலில் "பாவாயி" என்றது.

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

"அவருதானுங்க. என்னமோ வேணுமாட்ட இருக்குது, மிஸ்டு கால் குடுக்கறாரு" என்றவர், அசையாமல் காபியை ஆற்றினார்.

"போய்ப் பாருங்கம்மா, நான் இருக்கேன்."

"மொதல் தடவைக்கெல்லாம் எந்திரிக்க மாட்டனுங்க. இன்னொருக்கா கூப்புடட்டும்."